ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலை இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாமா?

வைக்கலாம். புரொஃபைல் என்பது உங்கள் புக்மார்க், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு வைக்கும் ஃபோல்டர். திருமங்கலத்தில் என் கடைக் கணினியில் பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

"புக்மார்க், பாஸ்வேர்டு, திறந்து வைத்த டேப் எல்லாம் விண்டோஸிலும் உபுண்டுவிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகப் படிப்புக்காக உபுண்டு என்ற இந்த லினக்ஸைப் போட்டிருப்பீர்கள், வீட்டில் மற்றவர்கள் விண்டோஸில்தான் உட்காருவார்கள். "அப்படியெல்லாம் வச்சா கெட்டுப்போகும், சிங்க் போட்டுக்க" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். (சிங்க் என்றால் நெட் வழியாக ஃபயர்ஃபாக்ஸே இரண்டு பக்கத்தையும் ஒத்துவைக்கும் வசதி.) சொல்பவர்களில் பாதிப் பேர் செய்து பார்த்தவர்கள் இல்லை. நான் செய்து, இதை வைத்துப் பிழைப்பும் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது ஃபயர்ஃபாக்ஸில் நடக்கும், குரோமில் நடக்காது. குரோம் விண்டோஸில் சேமிக்கும் கடவுச்சொல்லையும், தளங்கள் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கியையும் உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடு சேர்ந்த சாவியால் பூட்டி வைக்கிறது. லினக்ஸில் அந்த வேலையை க்னோம் கீரிங் அல்லது கேவாலட் என்ற சாவிப் பெட்டகம் பார்க்கிறது. இங்கே பூட்டியதை அங்கே திறக்க வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்கிறது. கடவுச்சொற்கள் லாகின்ஸ் என்ற கோப்பில், அவற்றைத் திறக்கும் சாவி கீ4 என்ற கோப்பில், புக்மார்க்கும் வரலாறும் பிளேசஸ் என்ற கோப்பில். விண்டோஸில் திறந்தாலும் லினக்ஸில் திறந்தாலும் அதே கோப்புகள்தான். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். சி டிரைவிலும் வேண்டாம், லினக்ஸின் ஹோமிலும் வேண்டாம். டி டிரைவ் மாதிரி, இயங்குதளம் எதுவும் இல்லாத தனிப் பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பகுதியில்) வையுங்கள். அது விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். லினக்ஸுக்கு அதைப் படிக்கவும் எழுதவும் தெரியும். லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 விண்டோஸுக்குப் புரியாது. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் அபவுட், கோலன், புரொஃபைல்ஸ் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் புதிய புரொஃபைல் உருவாக்கு என்று கொடுத்து, ஃபோல்டராக டி டிரைவில் நீங்கள் போட்டு வைத்ததைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் பக்கம் போய், டி டிரைவ் ஒவ்வொரு முறையும் தானாக இணைந்து திறக்கும்படி, அதாவது மவுன்ட் ஆகும்படி செய்துவிட்டு (உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே செய்யலாம்) அதே ஃபோல்டரைக் காட்டுங்கள். ஏற்கனவே கோப்புகள் இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளும். பின்னால் ஒரு பக்கத்தில் அந்தப் புரொஃபைலை நீக்க நேர்ந்தால் "கோப்புகளையும் அழிக்கவா" என்று கேட்கும். அழிக்காதே என்றே சொல்லுங்கள். அழித்தால் இரண்டு பக்கமும் போய்விடும்.

இவ்வளவுதான் செய்முறை. இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், என் கடை ஒருமுறை இதனால்தான் தப்பித்தது.

இரண்டு இயங்குதளம் என்பது எனக்குத் தம்பி வழியாக வந்த பழக்கம். 2011-ல் ஆரம்பித்த அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்கு வந்ததில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் என்ற இந்திய லினக்ஸ் ஒரு பக்கம் இருந்தன. கடை வைத்தபோது நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். கைரேகை வைக்கும் கருவிக்கும் எங்கள் பிரின்டருக்கும் டிரைவர் விண்டோஸில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. பட்டா, வில்லங்கம், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் பாதிக்கு மேல் ஷார்ட்கட் வைரஸ். அதைத் திறப்பது லினக்ஸில் மட்டும். ஆகவே ஒரு நாளில் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருப்பேன். மாறும்போதெல்லாம் புக்மார்க்கைத் தேடிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா?

ஒரு மழைக்காலத்தில் கரண்ட் கூடிக் குறைந்து விண்டோஸ் எழுந்திருக்கவில்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தப் பக்கம் சந்துக்குள் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம்.

பார்த்த பையன் ஐந்து நிமிஷத்தில் சொன்னான்: "யக்கா, விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு. ஃபார்மேட் அடிச்சிருவோம். சாயங்காலம் வாங்கிக்கங்க."

"சி மட்டும் அடிங்க தம்பி. டி-ல கை வைக்காதீங்க. இன்னொரு பார்ட்டிஷன்ல லினக்ஸ் இருக்கு, அதையும் தொடாதீங்க."

வாயால் சொன்னது போதாது என்று ஒரு தாளில் அதையே பெரிய எழுத்தில் எழுதி, சிபியு மூடி மேல் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் போய் ஆன் செய்து பார்த்தால், விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் கறுப்புத் திரை வரவே இல்லை. நேராக விண்டோஸ். லினக்ஸ் பார்ட்டிஷன் இருந்த இடத்தில் ஈ டிரைவ் என்று ஒன்று புதிதாக, காலியாக.

"அது எம்ப்டியா கெடந்துச்சுக்கா. ஃபார்மேட் பண்ணவான்னு அதுவே கேட்டுச்சு. இடம் வேஸ்ட்டா போகுதேன்னு டிரைவ் ஆக்கிக் குடுத்திருக்கேன்."

நான் ஒட்டிய தாள் மூடி மேல் அப்படியே இருந்தது. ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைத் திறக்கப் போனால் விண்டோஸ் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா" என்றுதான் கேட்கும். தெரியாதவர் ஓகே கொடுத்துவிடுவார். ஆனால் இந்தப் பையன் இதையே தொழிலாகச் செய்பவன். தாளையும் பார்த்திருக்கிறான்.

மறுநாள் ஒரு பரீட்சைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலையிலேயே செக்கானூரணியிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புது விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, டி டிரைவ் ஃபோல்டரைக் காட்டினேன். சேமித்த கடவுச்சொற்களுக்குக் காவலாக நான் போட்டிருந்த முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன். "பட்டா", "வில்லங்கம்", "பரீட்சை" என்று நான் பிரித்து வைத்த புக்மார்க் ஃபோல்டர்கள் அதே வரிசையில் வந்து நின்றன. கரண்ட் போன அன்று திறந்திருந்த டேப்கள்கூடத் திரும்பி வந்தன. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் மத்தியானத்துக்குள் முடிந்தது. சி டிரைவில் இருந்திருந்தால் சி-யோடு போயிருக்கும், லினக்ஸில் இருந்திருந்தால் லினக்ஸோடு போயிருக்கும். இரண்டும் போன பிறகும் என் வேலை நின்றுவிடவில்லை.

அன்று ராத்திரி லினக்ஸை மறுபடி ஏற்றும்போது இரண்டு விஷயம் முட்டியது. உங்களுக்கும் முட்டும், அதனால் சொல்கிறேன்.

டி டிரைவ் லினக்ஸில் திறந்தது, ஆனால் படிக்க மட்டும்தான் விட்டது. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-லிருந்து இது இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாமல், கெர்னல் என்ற உள் மையத்தின் நிலையை வட்டில் எழுதிவைத்துப் பாதி உறக்கத்தில் போகும். அந்த நிலையில் என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸ் எழுதினால் கோப்பு சிதையும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு எழுத முடியாத புரொஃபைல் உதவாது. புது விண்டோஸில் இது தானாகவே ஆனில் இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் வந்தால் திரும்பவும் ஒருமுறை பாருங்கள். விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு (அணைக்காமல் உறங்க வைத்துவிட்டு) லினக்ஸுக்குப் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கெட்டுப்போனது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் கெட்டிருக்கும்.

அடுத்தது பதிப்பு. பென்டிரைவில் வைத்திருந்த பழைய உபுண்டுவோடு பழைய ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. காலையில் விண்டோஸில் புதிய பதிப்பு அந்தப் புரொஃபைலைத் தொட்டுவிட்டதால், பழையது அதைத் திறக்க மாட்டேன் என்றது. 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் காவல் இருக்கிறது, நல்லதுக்குத்தான். லினக்ஸிலும் அப்டேட் செய்ததும் திறந்தது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் அப்டேட் செய்துகொள்ளுங்கள், அல்லது இரண்டிலும் நீண்டகால ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் பதிப்பைப் போட்டுவிடுங்கள். உபுண்டு 21.10 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக, அதாவது தனிக் கூண்டுக்குள் ஓடும் பொதியாக வருகிறது. ஹோமுக்கு வெளியே உள்ள ஃபோல்டரைத் தொட அதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2024-லிருந்து ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவே டெப் என்ற வழக்கமான பொதியாகவும் அதைக் கொடுக்கிறது, நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் விண்டோஸ் இன்னும் 7 என்றால் இந்த யோசனையே வேண்டாம். அங்கே ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆருக்கு மேல் ஏறாது, லினக்ஸில் உள்ள ஃபயர்ஃபாக்ஸையும் அதற்காகக் கீழே இறக்க வேண்டிவரும்.

மாறியவுடன் முதல்முறை திறக்கும்போது கொஞ்சம் மெதுவாக இருக்கும். வேறு இயங்குதளம் என்று தெரிந்ததும் ஃபயர்ஃபாக்ஸ் தற்காலிகச் சேமிப்பைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறது. டவுன்லோடு பாதையும் குழம்பும், ஏனென்றால் டி டிரைவ் என்ற பாதை லினக்ஸில் கிடையாது. எங்கே சேமிக்க என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வைத்துவிட்டால் சரி.

"சிங்க் இருக்கும்போது இது எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: சிங்க்கை நான் குறை சொல்லவில்லை. இரண்டு தனித்தனிக் கணினி என்றால் சிங்க்தான் சரி. ஆனால் சிங்க் குக்கியைக் கொண்டுபோகாது. ஒவ்வொரு தளத்திலும் மறுபடி உள்நுழைந்து, ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டும். நெட் விட்டுவிட்டு வரும் நாளில் அதுவும் இல்லை. "மெய்நிகர் கணினியில், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே" என்றால், அப்போது இரண்டு ஃபயர்ஃபாக்ஸும் ஒரே நேரத்தில் அதே ஃபோல்டரில் எழுத நேரிடும். அதற்கு இந்த முறை கூடவே கூடாது. "பாஸ்வேர்டைப் பொது டிரைவில் வைப்பது ஆபத்து" என்பது நியாயமான கேள்வி. முதன்மைக் கடவுச்சொல் போடாவிட்டால் ஆபத்துதான், அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப் போகிறவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். கட்டாயம் போடுங்கள். என் கடையில் வாடிக்கையாளர் வேலை எல்லாம் பிரைவேட் விண்டோவில். அவர்கள் கடவுச்சொல் எதையும் நான் சேமிப்பதில்லை.

இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஃபார்மேட் என்பதை நம் ஊரில் காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி கொடுக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் என் கடைக்கு வந்து, இறந்துபோன வீட்டுக்காரர் படம் ஏதாவது "நெட்டுல கிடைக்குமா தாயி" என்று கேட்டார். இருந்ததெல்லாம் மகனின் கணினியில். அது மெதுவாக ஓடுகிறது என்று கொடுத்ததற்கு, ஒரு வார்த்தை கேட்காமல் வட்டு முழுவதையும் அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில் இருந்த சின்னப் படத்தைத்தான் நான் பெரிதாக்கிக் கொடுக்க முடிந்தது. முகம் தெளிவாகவே இல்லை. அதற்கும் அவர் காசு எடுத்து நீட்டினார், நான் வாங்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் எல்லாம் சர்வீஸ் கடைக்குத்தான் போகும். "உள்ளே என்ன இருக்கு, எடுத்து வச்சிட்டீங்களா" என்று கேட்க அரை நிமிஷம் ஆகுமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புரொஃபைலை நகர்த்தும் முன் ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டி டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருக்கிறீர்களா, உபுண்டு எந்தப் பதிப்பு, ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பா டெப்பா என்று கேள்வியில் சேர்த்தால், மவுன்ட் செய்ய எஃப்எஸ்டேப் என்ற லினக்ஸ் அமைப்புக் கோப்பில் என்ன வரி எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.