வண்டிச் சமையலுக்கு மூன்று கத்தி போதும்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள், ஊர் கோவை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, சிங்க் வைத்து கேரவனாக மாற்றியிருக்கிறோம். காசிக்குப் போய், அப்படியே மணாலி வரை மூன்று மாதம் சுற்றத் திட்டம். வண்டிக்கு உள்வேலை செய்தவரே 14 உருப்படி ‘டமாஸ்கஸ்’ கத்தி செட்டும், சுவரில் ஒட்டும் காந்தப்பட்டையும் சேர்த்து 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எனக்கோ அம்மாவின் அரிவாள்மணையை விட்டுப்போக மனமில்லை. எதை எடுத்துப்போவது? வழியில் போலீஸ் சோதனையில் கத்தியைக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த 18,000 ரூபாயைப் பத்திரமாக உள்ளே வையுங்கள் அம்மா. யாத்திரை பஸ்களில் சமையல் குழுவோடு இருபது வருஷம் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓடும் வண்டிக்கு 14 கத்தி என்பது சமையல் தெரியாதவர் போட்ட கணக்கு. நான்கு அங்குலத்தில் ஒரு சின்னக் கத்தி, ஏழெட்டு அங்குலத்தில் ஒரு பெரிய கத்தி, தக்காளிக்கும் ரொட்டிக்கும் பல் வைத்த கத்தி ஒன்று. அவ்வளவுதான். மிச்சம் பதினொன்றும் மூன்று மாதம் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு கூடவே வரும்.

உள்வேலை செய்பவர்கள் ஏன் கத்தி விற்கிறார்கள் என்று யோசித்தீர்களா? மர வேலையில் பேரம் பேசிக் குறைத்த காசை இப்படி ‘கிச்சன் பேக்கேஜ்’ போட்டுத் திரும்ப எடுக்கிறார்கள். டமாஸ்கஸ் என்றால் இரும்பிலேயே அலை அலையாக ரேகை ஓடும் உருக்கு. இவர்கள் தருவதோ பெரும்பாலும் சாதா தகட்டின் மேல் லேசரில் வரைந்த கோலம். உப்புத்தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்தால் படம் போய்விடும். அசலும் தேய்த்தால் மங்கும், ஆனால் அது இரும்புக்குள்ளேயே இருக்கும் ரேகை. அமிலம் பட்டதும் திரும்ப எழும். இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய டமாஸ்கஸ் வாள்களின் பெருமையே தென்னிந்திய உருக்கிலிருந்து வந்தது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்தவருக்கே லேசர் கோலத்தை விற்கப் பார்க்கிறார்கள்!

அசல் ஜப்பான் கத்தியாகவே இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். அதன் உருக்கு மிகக் கடினமானது. கூர்மை பிரமாதம், ஆனால் பூசணித் தோலில் சிக்கித் திருகினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். குலுங்கும் வண்டியில் இன்னொரு பாத்திரத்தோடு இடித்தாலும் அதே கதிதான். கொஞ்சம் மென்மையான, துருப்பிடிக்காத எஃகுக் கத்திதான் உங்களுக்குச் சரி. அதன் முனை மடங்கும், உடையாது. மடங்கினால் நிமிர்த்திக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் காந்தப்பட்டை. வீடியோவில் அழகாகத்தான் இருக்கும், நின்ற வண்டியில் எடுத்த வீடியோ அல்லவா? நெடுஞ்சாலையில் குறுக்கே ஒரு மாடு வந்து டிரைவர் பிரேக்கில் ஏறி மிதித்தால், பட்டையில் இருக்கிற கத்தி எந்தப் பக்கம் போகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில்தான் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். ஒவ்வொரு கத்திக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லாவற்றையும் ஒரு கனத்த துணியில் சுருட்டி நாடாவால் கட்டி, தாழ்ப்பாள் உள்ள இழுப்பறையில் வையுங்கள். அந்த இழுப்பறை முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். அட்டையிலும் தோலிலும் உறை செய்யாதீர்கள், ஈரம் கோத்துத் துரு ஏறும்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பவை 2016 ஆயுத விதிகள். அதன் ஆயுதப் பட்டியலில் வாள், ஈட்டி, கத்தி என்று வரிசையாகச் சொல்லி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்கிறார்கள். இந்த அளவைப் படித்துவிட்டுத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அதே வரியில் வரும் விலக்கை யாரும் படிப்பதில்லை. வீட்டு உபயோகத்துக்கும், விவசாயத்துக்கும், அறிவியல், தொழில் வேலைகளுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேரா. ஆகவே காய் நறுக்கும் கத்தி எத்தனை அங்குலமாக இருந்தாலும் சமையல் கத்திதான். அரிவாள்மணையும் அப்படியே.

ஆனால் ஒன்று, இந்த விலக்கு கத்தி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. சாலையில் நிற்கிற காவலர் அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார். அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் கரண்டியோடு கிடந்தால் அது கத்தி. அதையே ‘ராத்திரி பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று டிரைவர் சீட்டுக்கு அடியில் செருகினால் ஆயுதம். வழியில் வாங்கும் கொடுவாளும் அப்படித்தான். விவசாயக் கருவிதான், ஆனால் விவசாயம் பண்ணவா மணாலி போகிறீர்கள்? பட்டனை அமுக்கினால் விரியும் கத்தி எந்த ஊரிலும் வாங்க வேண்டாம். தேர்தல் நேரம், தடை உத்தரவு உள்ள ஊர் என்றால் சுருட்டிய துணியை அவிழ்க்காமலே கடந்துபோங்கள்.

ஒருமுறை விடியற்காலையில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் காய்கறிக் கத்திகளை எல்லாம் ஜீப்பின் பானெட்டில் பரப்பி ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். விதியின் பெயரைச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சமையல்காரர் இரண்டு முழுப் பூசணிக்காயைத் தூக்கி வந்து காட்டிய பிறகுதான் விட்டார்கள். சட்டத்தை விடப் பூசணிக்காய்க்கு மதிப்பு. ஆகவே காய்கறிக்கூடை கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். கத்தியை விட முக்கியம், மாற்றம் செய்த விவரம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில்தான் பிடிப்பார்கள். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்ன அதே ஆள்தான் உங்களுக்குக் கத்தி விற்கிறார் என்றால், உடனே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். நாலு தடவை அலைய விடுவார்கள். வேறு வழியில்லை.

வீட்டில் வைக்கும் பெரிய சிலிண்டரை அந்த ஆள் வண்டியில் பொருத்திக் கொடுத்திருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும், அதை ஓடும்போது மூடிவிட்டு நின்ற பிறகு திறங்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். காற்றுவழி தரைமட்டத்தில் இல்லாவிட்டால் மேலே ஜன்னல் இருந்தும் பிரயோஜனமில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டர் பற்றிக்கொண்டு 9 பேர் போனார்கள். விடிகாலையில் டீ போடத்தான் பற்றவைத்திருக்கிறார்கள்.

கூர் தீட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தெருவில் சாணைச் சக்கரத்தோடு வருபவரிடம் எல்லாம் கொடுக்காதீர்கள். நெருப்புப் பறக்கத் தீட்டி விளிம்பு நீலம் பாரித்தால் பதம் போயிற்று என்று அர்த்தம், அப்புறம் தினமும் மழுங்கும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான விளிம்பு தெரியும். வாரம் ஒருமுறை அதில் நாலு இழுப்பு இழுத்தாலே போதும். கண்ணாடிப் பலகையில் நறுக்காதீர்கள்.

அம்மாவின் அரிவாள்மணையைத் தாராளமாக எடுத்துப்போங்கள், ஆனால் மடக்கும் வகையாக இருந்தால்தான். நிமிர்ந்து நிற்கும் அலகு என்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வண்டி நடைபாதை இரண்டடி அகலம் இருக்குமா? அதில் உங்கள் கணவர் ராத்திரி எழுந்து நடப்பார். மடக்கினாலும் கீலின் திருகாணி குலுக்கலில் தளரும், மூன்று நாளுக்கு ஒருமுறை முடுக்குங்கள். அலகு பழைய இரும்பாகத்தான் இருக்கும், கழுவியதும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மணாலிக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும், உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த உயரத்தில் தண்ணீர் வழக்கமான அளவு சூடேறாமலே கொதித்துவிடும் என்பதால் காயை வழக்கத்தை விடச் சின்னதாக நறுக்குங்கள். பருப்புக்குக் குக்கர் இல்லாமல் ஆகாது.

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வால்பாறை வரை ஒரு நடை போய்வாருங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. இறங்கி வந்ததும் அந்த இழுப்பறையைத் திறந்து, துணிச்சுருள் கட்டியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அவிழ்ந்திருந்தால் நாடாவை மாற்றிவிட்டு இன்னொரு நடை.