கதவுக்கு மேலே 1921 என்று இருந்தால் வீடு அரசாங்கத்துடையதா?

நுவரெலியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் சொல்கிறேன். தோட்டத்தை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா 1958இல் வாங்கிய பழைய பங்களா, 38 பேர்ச் காணி. தாத்தா அதை அப்பாவுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பா மரண சாசனம் எழுதாமலே இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர்: கனடாவில் அண்ணன், கொட்டகலையில் டீச்சராக இருக்கும் அக்கா, அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருக்கும் இவர். ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று பின்பக்கத்து மண்மேட்டை எட்டடி வெட்டி, இரண்டு அறைக்கு அத்திவாரம் தோண்டி, முன்பக்கத்து ஆறு பழைய மர ஜன்னல்களையும் கழற்றி அலுமினியம் போட ஆரம்பித்திருக்கிறார். மாநகர சபையிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அண்ணனோ "என் கையெழுத்து இல்லாமல் ஒரு கல் வைக்கக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறார். இதற்கு நடுவில் மாமா வந்து, கதவு நிலைக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கும் 1921ஐக் காட்டி, "நூறு வருஷம் தாண்டிவிட்டது, இனி இது தொல்பொருள் திணைக்களத்துச் சொத்து, ஆணி அடித்தாலும் ஜெயில்" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

முதலில் அம்மா தூங்கட்டும்.

மாமா சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதிதான் ஆளைப் பயமுறுத்துகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடங்களைத்தான் தானாகவே புராதன நினைவுச்சின்னம் என்று எடுத்துக்கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் திகதி அது. நூறு வருடம் கடந்த, ஆனால் அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம், ஆனால் அதற்கு அமைச்சர் அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பெயர் சொல்லி வர்த்தமானியில் கட்டளை வெளியிட வேண்டும். வயது மட்டும் போதாது. போதும் என்றால் பதுளையிலிருந்து ஹட்டன் வரை பாதித் தேயிலைத் தொழிற்சாலைகளும் லயங்களும் நினைவுச்சின்னமாகியிருக்கும். அப்படி அறிவிக்கப்பட்டாலும் வீடு அரசாங்கத்துக்குப் போய்விடாது, உரிமை உங்களிடமேதான் இருக்கும், திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, இன்ன இலக்க வீடு வர்த்தமானியில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். அதே கேள்வியை நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேளுங்கள், ஏனென்றால் அவர்கள் ஒரு ஊருக்கு அபிவிருத்தித் திட்டம் போடும்போது பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று தனியாக ஒரு பட்டியல் வைக்கலாம், அது தொல்பொருள் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. நுவரெலியா போன்ற ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் முன்பக்கத்தில் கை வைக்கவே கூடாது.

சரி, இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப்போவது 1921 இல்லை, 1915. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இல் வந்தது, உங்கள் வீட்டை விட ஆறு வயது மூத்தது. புது வீடு கட்டுவதற்கு மட்டும்தான் பிளான் பாஸ் பண்ண வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இருக்கிற வீட்டோடு ஓர் அறை சேர்ப்பது, கூரையை மாற்றிப் போடுவது, வெளிச்சுவரை மாற்றுவது எல்லாமே அந்தச் சட்டத்தில் அனுமதி வேண்டிய வேலைகள். அதற்கு மேல் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. உங்கள் காணி அதன் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குள் வருவதால் அபிவிருத்தி அனுமதிப்பத்திரமும் தேவை. வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழ், அதாவது எல்லாரும் சி.ஓ.சி. என்று சொல்வது, எடுக்காமல் அந்த அறைகளில் ஆளைக் குடியிருத்தவும் முடியாது.

உங்கள் கையில் இருக்கும் கடிதத்தை மேசன் பாஸ் சொன்னபடி "கொஞ்ச நாள் போனால் மறந்துவிடுவார்கள்" என்று மேசைக்குள் போடாதீர்கள். அனுமதியில்லாத கட்டட வேலையை நிறுத்தச் சொல்லியோ இடிக்கச் சொல்லியோ அறிவித்தல் கொடுத்து, குறித்த நாளுக்குள் நீங்கள் அதன்படி செய்யாவிட்டால் அடுத்த இடம் நீதவான் நீதிமன்றம். அங்கே உங்களிடம் கேட்கப்போவது நடைமுறையில் ஒரே ஒரு கேள்வி: அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? தாத்தாவின் கதை, அம்மாவின் மருந்துச் செலவு, பக்கத்து வீட்டுக்காரர் கட்டியபோது யாரும் கேட்கவில்லை என்பது, இவற்றில் ஒன்றும் அங்கே எடுபடாது. பத்திரம் இல்லை என்றால் இடிக்கும் உத்தரவு வரும், நீங்கள் இடிக்காவிட்டால் அவர்கள் இடித்துவிட்டுச் செலவை உங்களிடம் கேட்பார்கள்.

ஆனால் நீங்கள் இன்னும் அத்திவாரத்தில்தான் நிற்கிறீர்கள். அது நல்ல காலம். இன்றைக்கே வேலையை நிறுத்தி, நிறுத்திவிட்டேன், முறைப்படி விண்ணப்பிக்கப்போகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் சபையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். ஏற்கெனவே நடந்த வேலைக்குப் பின்னால் அனுமதி எடுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது, கவரிங் அப்ரூவல் என்பார்கள். அதற்குக் கட்டணம் கூட, கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை. முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் வேலைக்குத்தான் அதுவும் கிடைக்கும்.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்த எட்டடி மண்மேடு. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி என்று மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் பிளான் பாஸ் பண்ண தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். என்.பி.ஆர்.ஓ. என்றால் டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை மறந்த வக்கீல் யாரும் இந்தப் பக்கம் இல்லை. உங்கள் வீடு நூறு வருடம் நின்றது அந்த மேட்டை யாரும் தொடாததால்தானோ என்னவோ, அதை ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், மேலே இருக்கும் காணிக்காரரை மறந்துவிட்டீர்கள். அவர் மண்ணைத் தாங்கி நிற்பது உங்கள் மண். நீங்கள் வெட்டி அவர் பக்கம் சரிந்தால், நான் கவனமாகத்தான் வெட்டினேன் என்பது நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் பதிலாகாது, நட்டஈடு கேட்பார். அறை பிறகு வரட்டும், மழைக்கு முன் அந்த வெட்டுக்குத் தாங்கு சுவர் வேண்டுமா, எப்படி வேண்டும் என்ற ஆலோசனையை எடுத்துவிடுங்கள், அந்தச் சுவருக்கும் சபையிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

இனி அண்ணன். உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன், அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. நமக்குத் தேசவழமை பொருந்தாது, அது யாழ்ப்பாணத்தாருக்கான சட்டம். மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான், அதன்படி மரண சாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக அம்மாவுக்குப் பாதி, உங்கள் மூவருக்கும் ஆறில் ஒன்று வீதம். அண்ணன் டொரண்டோவில் பனி தள்ளிக்கொண்டிருந்தாலும் உங்கள் வீட்டு ஒவ்வொரு கல்லிலும் ஆறில் ஒரு பங்குக்காரர். ஒழுகும் தகரத்தை மாற்றுவது, விழப்போகும் சுவரைக் கட்டுவது போன்ற அவசியமான வேலைக்கு அவர் சம்மதம் தேவையில்லை, செலவில் அவர் பங்கைக்கூட நீங்கள் கேட்கலாம். பொதுக் காணியில் புது அறை கட்டுவது வேறு. மற்றப் பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்தால் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம், கிடைக்கவும் கூடும். போதாததற்கு சபையும் விண்ணப்பத்தோடு உரிமையாளர்களின் சம்மதத்தைக் கேட்கும்.

பண்டாரவளைப் பக்கம் என்னிடம் வந்த ஒரு குடும்பம், தம்பி அண்ணனைக் கேட்காமல் மேல்மாடி போட்டார், அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னேற்றம் செய்த பங்காளிக்கு இயன்றவரை அந்தப் பகுதியையே ஒதுக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீட்டில் எதை எங்கே வெட்டுவது? தம்பியின் முடி நரைத்ததுதான் மிச்சம். மேல்மாடியில் இன்னும் ஜன்னல் போடவில்லை.

அதனால் அண்ணனோடு வாட்ஸ்அப்பில் சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, எழுத்தில் ஒரு உடன்பாடு செய்யுங்கள். புது அறைகளுக்கு யார் காசு போடுகிறார், வருமானம் யாருக்கு, நாளைக்குப் பிரிக்க நேர்ந்தால் அந்த அறைகள் யாருக்கு, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். அண்ணன் உங்களுக்குப் பங்கையே விட்டுத் தர முன்வந்தால் அது வெறும் கடிதத்தில் செல்லாது. காணி கைமாறுவது நொத்தாரிஸ் முன்னால், இரண்டு சாட்சியோடு என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம். அவர் வர வேண்டியதில்லை, டொரண்டோவில் இருக்கும் நமது துணைத் தூதரகத்தில் அட்டோர்னி தத்துவம் எழுதி அனுப்பினால், இங்கே பதிந்துவிட்டு அவர் நம்பும் ஒருவர் கையெழுத்து வைக்கலாம். அந்த ஒருவர் நீங்களாக இல்லாமல் அக்காவாக இருந்தால் வீட்டில் கொஞ்சம் சத்தம் குறையும்.

வரைபடத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டடக் கலைஞர் இல்லை, ஆனால் பழைய வீட்டு வழக்குகளில் விரிசல் விட்ட சுவர்ப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் தெரியும். வரைபவரிடம் புது அறைகளைப் பின்னால், பழைய கூரையின் உச்சியை விடத் தாழ்வாக, ஒரு சின்ன நடைபாதை மட்டும் இணைக்கும்படி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கொங்கிரீட் தட்டைக் கொண்டுபோய்ப் பழைய கருங்கல் சுவரில் சொருகினால், புது அத்திவாரம் இறங்கும்போது பழைய சுவரையும் இழுத்துக்கொண்டு இறங்கும். தள்ளிக் கட்டினால் சட்டத்துக்கும் வசதி: நாளைக்குப் பட்டியலில் பெயர் வந்தாலும், அண்ணன் வழக்குப் போட்டாலும், பழையது எது புதியது எது என்று பிளானில் கோடு போட்டுக் காட்டலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசினால் நுவரெலியா ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சோடு பெயர்ந்து வரும், அதையும் பாஸிடம் சொல்லி வையுங்கள், கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். இப்போதிருக்கும் நிலையில் எல்லா அறையையும், புகைக்கூண்டையும், அந்த 1921ஐயும் படம் எடுத்துத் திகதியோடு சேமியுங்கள்.

ஹோம்ஸ்டே பதிவு கடைசி. சபையின் பத்திரங்கள் கையில் இல்லாமல் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்குப் போய்ப் பயனில்லை.

இதை வாசிக்கும் லயத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தப் பங்களாவை விட வயதான காம்பராக்களில் நாலு தலைமுறையாக இருந்தும் கையில் உறுதி இல்லாததால், இஸ்தோப்பை மறைத்து ஒரு குசினி இறக்கினாலும் தோட்ட நிர்வாகத்தோடுதான் வழக்கு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

சகோதரி, கடைசியாக அந்த ஆறு ஜன்னல்கள். கொழும்பிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து நல்ல விலை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விற்காதீர்கள். கழற்றி ஷெட்டில் வைத்தாலும் அவை பொதுச் சொத்துதான், பங்குக் கணக்குப்படி மூன்று அம்மாவுடையது, ஒன்று அக்காவுடையது, ஒன்று அண்ணனுடையது. உங்களுக்கு வருவது ஒரே ஒரு ஜன்னல்.