வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்: மகனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப நினைக்கும் ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிவில் என்ஜினீயரிங் முடித்து, ஓராண்டாகக் கோவையில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகனை மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா அனுப்பலாமா, அதற்காக விருதுநகர் வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்து 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முகவர் எழுதிக் கொடுத்த தாளையும் இணைத்திருந்தீர்கள். ஒன்றரை ஆண்டு முதுகலை, படிக்கும்போதே பகுதி நேர வேலையில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சம்பாதித்துக்கொள்வது, முடித்ததும் பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை என்று மூன்றையும் அந்தத் தாள் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. உண்மையில் இவை மூன்றும் தனித்தனி. படிக்க இடம் தருவது பல்கலைக்கழகம், வேலை தருவது அங்கே இருக்கும் ஏதோ ஒரு முதலாளி, பி.ஆர். தருவது அந்த நாட்டு அரசு, அதுவும் அடிக்கடி மாறும் விதிகளின்படி. முதலாவதற்கு மட்டுமே நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். மற்ற இரண்டும் கிடைக்காமல் தம்பி ஊர் திரும்பினாலும் குடும்பம் தாங்கக்கூடிய கடனா இது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். வசதிக்காக ஒரு ஆஸ்திரேலிய டாலரை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் 35,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கும். 40,000 என்று கொண்டால் ஒன்றரை ஆண்டுக்கு 60,000 டாலர், அதாவது 36 லட்சம் ரூபாய். மாணவர் ஒருவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக ஆஸ்திரேலிய அரசு 2024 மே மாதத்திலிருந்து 29,710 டாலரைக் காட்டச் சொல்கிறது. அது ஏறத்தாழ 17.8 லட்சம் ரூபாய். விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலைக்கு முன்பு 710 டாலராக இருந்தது, 2025 ஜூலை 1 முதல் 2,000 டாலர். விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்பி வராது. விசாக் காலம் முழுவதற்குமான மாணவர் மருத்துவக் காப்பீட்டையும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். ஆக, நீங்கள் வாங்க நினைக்கும் 40 லட்சம் கல்லூரிக் கட்டணத்துக்கும் விசாச் செலவுக்குமே சரியாகிவிடும். மீதியைத் தம்பி அங்கே உழைத்து ஈட்டுவான் என்ற நம்பிக்கையில்தான் முகவரின் தாள் நிற்கிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. 2025 ஜூலை முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். விடுப்பு முதலிய சலுகைகள் இல்லாத தற்காலிக வேலைக்கு அதன்மேல் 25 சதவீதம் சேரும், ஆகவே சுமார் 31 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் போய் இறங்கிய மறுநாளே வேலை கிடைப்பதில்லை; முதல் சில வாரங்கள் வீடு தேடுவதிலும் வகுப்பைப் புரிந்துகொள்வதிலும் கழியும்; தேர்வுக் காலத்தில் வேலையைக் குறைத்தாக வேண்டும். ஆண்டில் 40 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் என்று நிதானமாகக் கணக்கிட்டால் வரிக்கு முன் 18,700 டாலர் வரும். அரசே குறிப்பிடும் வாழ்க்கைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அது எட்டவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு டாலர்கூட மிஞ்சாது. மாணவர்கள் படிப்பைக் கோட்டை விடுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, இந்தப் பற்றாக்குறையை இரவு வேலையால் நிரப்பப் போய்த்தான் என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

கடன் தவணையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 40 லட்சத்தைப் 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 52,900 ரூபாய். படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வங்கி முதல் தொகையை அனுப்பிய நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும், எனவே உண்மைத் தவணை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தம்பி இப்போது கோவையில் வாங்கும் சம்பளத்தையும், முதுகலை முடித்துச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ திரும்பினால் அவனுக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தையும் இந்தத் தொகையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறப் போகிறீர்கள் என்று எழுதியிருந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, அந்த ஒன்றரை ஆண்டுப் படிப்பைப் பற்றி. எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். படிப்பை முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்க 485 என்ற எண் கொண்ட தற்காலிகப் பட்டதாரி விசா இருக்கிறது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தின் பயனாக, முதுகலை முடித்த இந்தியர்களுக்கு இந்த விசா மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். மற்ற நாட்டவர் பலருக்கு இரண்டு ஆண்டுகள்தான். 2024 ஜூலையிலிருந்து 35 வயது வரம்பு வந்திருந்தாலும் அது தம்பியைப் பாதிக்காது. ஆனால் இந்த விசாவுக்கு, ஆஸ்திரேலியாவில் குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் குறைந்தது 92 வாரங்கள் என்று பதிவான படிப்பாக அது இருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு படிப்புக்கும் கிரைகாஸ் என்ற பதிவேட்டில் ஓர் எண்ணும், எத்தனை வாரப் படிப்பு என்ற குறிப்பும் உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்தில் அதைப் பார்க்கலாம். ஆறு மாதக் கட்டணம் மிச்சமாகிறது என்று எண்ணி ஒன்றரை ஆண்டுப் படிப்பில் மட்டும் சேர்ந்தால், அந்த மூன்று ஆண்டு வேலைவாய்ப்புக் கதவு அதிலேயே அடைபட்டுவிடக்கூடும். முகவரிடம் அந்தப் பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

சிவில் என்ஜினீயராகத் தம்பி கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பி.ஆர். விண்ணப்பத்துக்கு முன் அவனுடைய தகுதியை என்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா என்ற தொழில்முறை அமைப்பு மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். பொறியியல் என்ற பெயர் தாங்கிய எல்லா முதுகலைப் படிப்புகளையும் அவர்கள் அங்கீகரிப்பதில்லை. அவன் இங்கே படித்த பி.இ. பாடப்பிரிவுக்கு, அவன் பட்டம் பெற்ற ஆண்டில் தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) டயர்-1 அங்கீகாரம் இருந்திருந்தால், பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும், 2014-இல் இந்தியா முழு உறுப்பினரான வாஷிங்டன் உடன்படிக்கையின் வழியாக மதிப்பீடு எளிதாகும். கல்லூரிக்கு அல்ல, அந்தப் பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அவனுடைய கல்லூரி அலுவலகத்தில் ஒரு நாளில் தெரிந்துவிடும்.

பி.ஆர். என்பதை முகவரின் தாள் குடியுரிமை என்று எழுதியிருக்கிறது, அது தவறு. அது நிரந்தரமாக வசிக்கும் உரிமை. குடியுரிமைக்கு அங்கே நான்கு ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஓராண்டாவது பி.ஆர். பெற்றவராக இருந்திருக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அப்போது இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். பி.ஆர். கிடைக்கும் வழி புள்ளிக் கணக்கு. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளிகள், இளநிலை அல்லது முதுகலைப் பட்டத்துக்கு 15, ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டுகள் படித்ததற்கு 5, திருமணமாகாதவருக்கு 10. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் 10 புள்ளிகள், 8 எடுத்தால் 20. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி அமைப்பு நடத்தும் சமூக மொழித் தேர்வில், தமிழைத் தேர்ந்தெடுத்தே தேர்ச்சி பெறலாம், அதற்கு 5. எல்லாம் சரியாக அமைந்தால் தம்பிக்கு 85 வரும். ஆங்கிலத்தில் 7 மட்டும் எடுத்தால் 75. விண்ணப்பிக்கத் தகுதி 65 புள்ளிகள்தான் என்று முகவர் சொன்னது உண்மை. ஆனால் 65 பெற்றவர் வரிசையில் நிற்கிறார், அவ்வளவே. அரசு அதிகப் புள்ளி உள்ளவர்களிலிருந்து, அந்த ஆண்டின் தேவையைப் பார்த்து அழைக்கிறது. ஆசிரியர்களும் செவிலியர்களும் குறைந்த புள்ளியிலேயே அழைக்கப்பட்ட சுற்றுகளில் பிற துறையினர் கூடுதல் புள்ளியோடு காத்திருந்தார்கள். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்றும் தவிர்த்த பகுதிகளில் படித்தால் மேலும் 5 புள்ளிகள் கிடைக்கும். அடிலெய்டும் பெர்த்தும் இந்த வகையில் சேர்பவை. இரண்டுமே நல்ல பல்கலைக்கழகங்கள் உள்ள நகரங்கள். பெரிய நகரத்தின் பெயருக்காக இவற்றை ஒதுக்க வேண்டாம்.

மேலே காட்டிய கணக்கில் மிக எளிதாகக் கூட்டக்கூடிய 10 புள்ளிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாணவர் விசாவுக்கு 6.0 போதும் என்பதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தம்பி இன்னும் ஆறு மாதம் கோவையில் வேலை பார்த்தபடியே ஆங்கிலத்தை 8-க்கு உயர்த்தினால், பல்கலைக்கழகத் தேர்வு, வகுப்பு, அங்கே வேலைக்கான நேர்காணல், புள்ளிகள் என எல்லா இடத்திலும் அது கைகொடுக்கும். இதற்குப் பயிற்சிக் கட்டணம் தவிரக் கடன் எதுவும் தேவையில்லை.

விசா விண்ணப்பத்தில் ஒருவர் உண்மையான மாணவர்தானா என்று அறியச் சில கேள்விகள் கேட்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும். இப்போது என்ன செய்கிறாய், ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நிலையம், இது உனக்கு எப்படிப் பயன்படும் என்பவைதான் அவை. படித்து முடித்ததும் கட்டாயம் ஊர் திரும்புவேன் என்று நிறுவச் சொன்ன பழைய விதி 2024 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டதால், பொய்யாக எதையும் எழுத வேண்டிய அவசியமே இல்லை. முகவரின் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் பதிலை வாங்கிக்கொள்ளாமல், கட்டுமானத் தளத்தில் தான் எதிர்கொண்ட சிக்கலையும் அதற்குத் தனக்கு எந்த அறிவு போதவில்லை என்பதையும் தம்பியே எழுதட்டும்.

வங்கி இருப்பைச் சில வாரங்களுக்குக் காட்டி எடுத்துத் தருவதாக முகவர் சொன்னார் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். ஐயா, அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். போலி ஆவணமோ தவறான தகவலோ கொடுத்தது தெரியவந்தால் விசா மறுக்கப்படுவதோடு, மூன்று ஆண்டுகளுக்கு வேறு பல விசாக்களையும் பெற முடியாமல் போகலாம். அந்தக் கறை முகவரின் பெயரில் அல்ல, உங்கள் மகனின் பெயரில் பதிவாகும். அதேபோல, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விசா வாங்கிப் போய், அங்கே குறைந்த கட்டண டிப்ளமோவுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். எந்த நிலைப் படிப்புக்கு விசா கொடுக்கப்பட்டதோ அதைவிடக் கீழான நிலைக்கு இறங்குவது விசா நிபந்தனையை மீறுவதாகும்.

போய்ச் சேர்ந்தபின் தேவைப்படுபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை அங்கே வாரக் கணக்கில் பேசப்படும். வீட்டை நேரில் பார்க்காமல் இணையத்தில் முன்பணம் அனுப்பக் கூடாது. வரி எண்ணை வரித்துறை இலவசமாகவே தருகிறது. சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் பணமாகக் குறைத்துக் கொடுக்கும் வேலையை, நம்மவர் கடையாகவே இருந்தாலும், ஏற்க வேண்டாம். மாணவர்களும் ஃபேர் ஒர்க் ஒம்பட்ஸ்மன் என்ற அரசு அமைப்பிடம் முறையிடலாம். விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டும். அம்மா கட்டிக் கொடுக்கும் பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் அறிவித்துக் காட்டினால் அதிகாரி பார்த்து அனுமதிப்பார் அல்லது எடுத்துக்கொள்வார், அத்தோடு முடிந்துவிடும். மறைத்தால் கடும் அபராதம் உண்டு, விசாவே ரத்தாகவும் கூடும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதையும் வைக்க வேண்டாம். சிட்னியில் பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் பக்கத்துக் கடைகளில் நம் சமையலுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும், மற்ற பெரிய நகரங்களிலும் அப்படியே.

இப்போதைக்கு மூன்று விவரங்களை எனக்கு அனுப்புங்கள்: முகவர் சொல்லும் படிப்பின் கிரைகாஸ் எண், தம்பியின் பி.இ. மதிப்பெண் பட்டியல், அவனுடைய பாடப்பிரிவின் என்.பி.ஏ. நிலை. அங்கே முக்கியமான சேர்க்கைப் பருவங்கள் பிப்ரவரியிலும் ஜூலையிலும் வருகின்றன. ஒரு பருவம் தள்ளிப் போவதால் தம்பியின் வயதுக்கு எந்த இழப்பும் இல்லை. இரண்டு ஆண்டுப் படிப்பும் கட்டணச் சலுகையும் தரக்கூடிய நிலையங்களை அடிலெய்டிலும் பெர்த்திலும் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் முழுச் செலவோடு ஒரு பட்டியல் தயாரித்துத் தருகிறேன். அது உங்கள் கைக்கு வரும் வரை வங்கியில் பத்திரத்தைக் கொடுக்காமல் வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்