அன்னத்தின் கைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ருக்மிணி தேவியைப் பற்றிய உங்கள் குறிப்பில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பெயரைப் பார்த்துவிட்டு, அவருடைய 'இறக்கும் அன்னம்' நடனத்தை யூட்யூபில் தேடிப் பார்த்தேன். பரதம் கற்றுக்கொள்ளும் என் பத்து வயது மகளும் பக்கத்தில் இருந்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். அவள் சிரித்துவிட்டாள். "ஏம்மா இவங்க கையைப் படபடன்னு அடிச்சுக்கறாங்க?" என்றாள். அடுத்து ஓடிய காணொளியில் இந்தக் காலத்து ரஷ்யக் கலைஞர் ஒருவர் அதே நடனத்தை ஆடினார். அசைவு அசைவாக வழிந்து போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் பிடித்தது. பாவ்லோவாவைக் கொண்டாடுவதெல்லாம் பழசின் மேல் உள்ள பக்திதானா? இல்லை, என் கண்ணுக்குத்தான் பழக்கம் போதவில்லையா?

க.

அன்புள்ள க.,

மகள் சிரித்ததில் தப்பில்லை. அவள் பார்த்ததில் பாதி பாவ்லோவா, மீதி அந்தக் காலத்துக் கேமரா. அது 1920களில் எடுத்த மௌனப்படம். அப்போது கேமராவைக் கையால் சுற்றுவார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்று ஏறி இறங்கும். அதை நொடிக்கு 24 சட்டம் என்று ஓட்டினால், சும்மா நடக்கிறவர்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிதான் தெரிவார். கூடவே கேட்கும் செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் இசையும் பின்னால் யாரோ ஒட்டியது.

சரி, வேகத்தைத் திருத்திவிட்டுப் பார்த்தாலும் பாவ்லோவா வழிந்தோட மாட்டார். கை வெடுக்கென்று போகும், முழங்கால் மடியும், எழுவார், மறுபடி மடியும். எனக்கு அதுதான் அந்த நடனம். அவர் ஆடியது சாக மறுக்கும் பறவையை.

அந்த இசையில் சாவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கமிய் சேன்-சான்ஸ் 1886இல் விளையாட்டாக எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் வரும் ஒரு துண்டு அது. அந்த வேடிக்கைத் தொகுப்பால் தன் பெயர் கெட்டுவிடுமென்று பயந்து, உயிரோடு இருந்தவரை இந்த அன்னத்தை மட்டும்தான் அச்சிட விட்டார். ரஷ்ய பாலே நடன அமைப்பாளர் மிக்கேல் ஃபோகின் அதைப் பாவ்லோவாவுக்காக அவசரத்தில், சில நிமிடங்களில் நடனமாக்கினார். 1907 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி மேடையில் அரங்கேறியது. அப்போது பெயர் வெறும் 'அன்னம்'. 'இறக்கும்' அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

நடனமும் சின்னதுதான், மூன்று நிமிடம் சொச்சம். பெரிய தாவல் கிடையாது, ஒற்றைக்காலில் நின்று சுழலும் 32 சுழற்சி கிடையாது. நுனிக்காலில் நின்று பொடிப்பொடியாக அடி வைத்து நகர்வதுதான் முக்கால்வாசி. பாலேக்காரர்கள் அதை பூரே என்பார்கள். மற்றதெல்லாம் கையும் கழுத்தும் முதுகும். அமெரிக்க நடனக்காரி இசடோரா டங்கன் வெறுங்காலோடு வந்து அந்த ஊரைக் கலக்கிவிட்டுப் போயிருந்த காலம் அது. கால் வித்தை மட்டும் போதாது, உடம்பு முழுக்கப் பேச வேண்டும் என்பது ஃபோகினின் கட்சி. பாவ்லோவா அதைச் சுமார் 4,000 தடவை ஆடியதாகச் சொல்வார்கள். அத்தனை தடவையும் ஒரே மாதிரி ஆடியிருக்க முடியாது. ஃபோகின் 1925இல் தன் மனைவி வேரா ஃபோகினாவைப் படமெடுத்து, அடிக்கு அடி விளக்கிப் புத்தகமாகவே போட்டார். போட்டு என்ன? ஆடுகிறவர்கள் கேட்டால்தானே.

முக்கியமாகக் கேட்காதவர் சோவியத் பாலே நட்சத்திரம் மாயா பிளிசெட்ஸ்கயா. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி நுழைவார். முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். தோளில் கிளம்பும் அலை முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி விரல் நுனியில் போய் முடியும். எலும்பு எங்கே போனது என்று தேடுவோம். ரசிகர்கள் விடமாட்டார்கள், திரும்ப ஆடச் சொல்வார்கள். இரண்டாம் முறை வேறு மாதிரி ஆடுவார். எழுபது வயதிலும் ஆடினார். இன்று அன்னம் என்றதும் நம் மனதில் வரும் அந்த அலைக்கை பாவ்லோவாவைவிட இவருடையதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஆடும்போது நான் கைகளைப் பார்க்கிறேன், பறவையை மறந்துவிடுகிறேன்.

அவருக்குப் பின் வந்தவர்கள் கையை வைத்துக்கொண்டார்கள், வேகத்தை இன்னும் குறைத்தார்கள். மரின்ஸ்கியின் உலியானா லொபாத்கினா ஆடியதைப் பாருங்கள். நீண்ட கைகள், ஒவ்வொரு நிலையும் ஓவியம். பிரமாதம்தான். ஆனால் அந்த அன்னம் தான் சாகப்போவதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. நீங்கள் பார்த்த ரஷ்யக் கலைஞரும் இந்த வழியில் வந்தவராகத்தான் இருப்பார்.

உங்கள் கண்ணைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது. லண்டன் ராயல் பாலே ஆடிய 'தூங்கும் அழகி'யின் புகைப்படங்களை, 1946 முதல் 2004 வரை, எடுத்துவைத்துக் காலின் கோணத்தை அளந்தார்கள். வரவர கால் மேலே மேலே போயிருந்தது. பிறகு முகமும் உடையும் இல்லாத வெறும் கோட்டுருவமாக மாற்றி, நடனம் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். அவர்களுக்கும் உயர்ந்த கால்தான் பிடித்தது. ஆடுபவரின் உடம்பும் பார்ப்பவரின் ரசனையும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. ஆகவே உங்கள் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. அது 2000க்குப் பிறகு பழகிய கண், அவ்வளவுதான்.

காலணியையும் மறக்கக் கூடாது. பாவ்லோவாவின் பாத வளைவு மிக அதிகம். நுனிக்காலில் நிற்கத் தன் காலணியைத் தானே கெட்டிப்படுத்திக்கொண்டார். அதை ஏமாற்று என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. புகைப்படங்களில் காலணியின் முனை கூராகத் தெரியும்படி திருத்தவும் செய்தார். இன்றைய காலணியில் அதைவிடக் கெட்டியான முனை கடையிலேயே வருகிறது. ஒரு நிலையில் நின்று நிதானமாகக் கையை விரிப்பது இப்போது சாத்தியம்.

நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய ட்ரோக்கடேரோ என்ற நகைச்சுவை பாலே குழுவில் ஆண்கள்தான் நுனிக்கால் காலணி போட்டு ஆடுவார்கள். அவர்களுடைய அன்னம் நுழையும்போதே மேடையெல்லாம் இறகு உதிர்கிறது. வயிறு குலுங்கச் சிரித்தேன். கேலிதான், ஆனால் ஃபோகினை நன்றாகப் படித்தவர்கள் செய்த கேலி.

எனக்குப் பாவ்லோவாவை நினைவுபடுத்தியவர் பாலே மேடையிலிருந்து வரவில்லை. மெம்ஃபிஸ் நகரத்துத் தெரு நடனமான ஜூக்கின் ஆடும் லில் பக். 2011இல் யோ-யோ மா செல்லோ வாசிக்க, சாதாரண ஷூவோடு இதே இசைக்கு ஆடினார். கணுக்கால் மடங்குகிறது, உடம்பு நடுங்குகிறது, விழப்போய் விழாமல் நிற்கிறார். கை படபடக்கத்தான் செய்கிறது.

மகளிடம் அதை முதலில் காட்டுங்கள். அப்புறம் பாவ்லோவாவை, சத்தத்தை நிறுத்திவிட்டு, முக்கால் வேகத்தில். யூட்யூபில் அமைப்புகளுக்குள் போனால் 0.75 என்று இருக்கும். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.