வாசகர் கேள்வி–பதில்: ஆடுகளத்தில் பிள்ளை, கையில் கருவி

விளையாட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரு கருவி தலைகாட்டுகிறது: வாட்ச், போன், ஆப். இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மகன் கிரிக்கெட், மகள் கால்பந்து. விடுமுறை நாள் வந்தால் எல்லைக்கோட்டு ஓரம்தான் என் வாசம். ஆட்டத்தை முழுசாக வீடியோ எடுக்கப் பார்த்தால் பாதியில் போன் நிறைந்துவிடுகிறது, அல்லது சூடாகி நின்றுவிடுகிறது. தப்பித் தவறி எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிப்போய், "இதில் எது உன் பிள்ளை?" என்று கேட்கிறார்கள்.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலில் இடம். ஐபோனின் கேமரா செட்டிங்ஸே கணக்குச் சொல்லிவிடும்: 4கே, நொடிக்கு 60 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 400 எம்பி. 1080பி, 60 பிரேம் என்றால் 90 எம்பி. 90 நிமிட ஆட்டத்துக்கு முதலாவது 36 ஜிபி கேட்கும், இரண்டாவது 8 ஜிபியை ஒட்டி நின்றுவிடும். மற்ற போன்களில் எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் பெருந்தீனி 4கே 60தான். முழு ஆட்டத்துக்கு 1080பி தாராளம். இடைவேளையில் நிறுத்தி, இரண்டாம் பாதியைத் தனிக் கோப்பாக எடுங்கள். ஒரே கோப்பாக இருந்து அது கெட்டால் மொத்த ஆட்டமும் போய்விடும்.

அடுத்தது சூடு. ஐபோனுக்கு அதன் நிறுவனம் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். உச்சி வெயிலில் ட்ரைபாடில் நிற்கும் போன் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், போன் மேல் நிழல் விழும்படி குடையைச் சாய்த்துக் கட்டுங்கள். பவர் பேங்கைச் செருகிக்கொண்டே எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. சார்ஜ் ஏறும் சூடும் ரெக்கார்டிங் சூடும் சேர்ந்துகொள்ளும். ஏரோபிளேன் மோடில் போட்டால் சூடு குறையும், நடுவில் அழைப்பு வந்து ரெக்கார்டிங் அறுபடவும் செய்யாது. சூடான போனை ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டியிருக்கும்.

மங்கலுக்குக் காரணம் உங்கள் கேமரா இல்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக அதே கோப்பை அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகலாம். ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு 20 விநாடித் துண்டு போதும். 90 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்க்கப் போவது நீங்கள் மட்டும்தான்.

ஆட்ட நுணுக்கம் பார்க்க எடுக்கும் வீடியோ வேறு ரகம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, 30 பிரேம் வீடியோவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 93 செ.மீ. நகர்ந்துவிடும். அதனால் மட்டையில் பட்ட கணம் பெரும்பாலும் பதிவாகாது. ஸ்லோ மோஷனில் 240 பிரேம் வைத்தால் இடைவெளி 12 செ.மீ.க்கும் குறைவு. பந்து வீசும் கையையோ ஓடும் காலையோ பார்க்க வேண்டுமானால் நேர் பக்கவாட்டில் நில்லுங்கள். போன் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், எட்டுப் பத்து மீட்டர் தள்ளி. கிட்டப் போய்ச் சாய்வாக எடுத்தால் முழங்கால் மடிப்பின் கோணமே பொய்யாகத் தெரியும், பிறகு அதை வைத்துக் கோச்சோடு வாதம் செய்துகொண்டிருப்பீர்கள். எடுக்கும் முன் திரையில் பிள்ளையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். உள்ளரங்கில் 240 பிரேம் எடுத்தால் படம் மின்னி மின்னி வரும். மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்து பல விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்குவதுதான் காரணம். அங்கே 60 பிரேமுக்கு இறங்குவதுதான் வழி.

ஒன்று மறக்க வேண்டாம்: படத்தில் மற்றவர் பிள்ளைகளும் இருப்பார்கள். பொதுவெளியில் போடும் முன் அவர்கள் வீட்டிலும் கேட்டுவிடுங்கள்.

14 வயது மகள் மெதுவாக ஓடும்போதே வாட்சில் இதயத்துடிப்பு 178 காட்டுகிறது. அவளோ சிரித்துப் பேசிக்கொண்டு ஓடுகிறாள். எனக்குத்தான் படபடப்பு.

சிரித்துப் பேசிக்கொண்டு ஓடுகிறாள் என்று நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிறதென்றால் அது மெதுவான ஓட்டம்தான்.

வாட்ச் துடிப்பை நேரடியாக எண்ணுவதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த ஓட்டம் மாறும்போது திரும்பி வரும் ஒளி எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்க்கிறது. கை ஆடும்போது ரத்தமும் தோலும் சேர்ந்து ஆடும். ஓடுபவரின் காலடி நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழுவது சகஜம். பட்டை தளர்ந்திருந்தால் வாட்ச் அந்த ஆட்டத்தைத் துடிப்பென்று நினைத்துக்கொள்ளும். அடையாளம் எளிது: ஓட ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே எண் 170க்கு மேல் தாவி, மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் அசையாமல் நிற்கும். உண்மையான துடிப்பு அப்படி நடந்துகொள்ளாது, படிப்படியாகத்தான் ஏறும்.

சோதித்துப் பாருங்கள். அவள் நின்றதும் கழுத்திலோ மணிக்கட்டிலோ இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். உடனே எண்ண வேண்டும், நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். வாட்ச் 178 என்று சொல்ல, உங்கள் கணக்கு 140 என்று வந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். அப்படியானால் வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, ஓடும் நேரத்துக்கு மட்டும் பட்டையை ஒரு துளை இறுக்குங்கள். பின்பக்கக் கண்ணாடியில் வியர்வையும் சன்ஸ்கிரீனும் படிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். குளிரில் கை விறைத்திருந்தாலும் எண் தப்பும். மட்டை, ராக்கெட், எடைக்கம்பி இவற்றை இறுக்கிப் பிடிக்கும் விளையாட்டுகளில் மணிக்கட்டு வாட்சை நம்பவே வேண்டாம்.

சரியான எண் தேவையென்றால் நெஞ்சுப் பட்டை. அது இதயத்தின் மின் சமிக்ஞையைப் படிக்கிறது. கட்டும் முன் உட்பக்கப் பட்டைகளை நனைக்க வேண்டும், காய்ந்திருந்தால் முதல் பத்து நிமிடம் உளறும். பயிற்சி முடிந்ததும் நடுவில் உள்ள சென்சார் வில்லையைக் கழற்றி, பட்டையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈரப் பட்டையிலேயே வில்லை மாட்டிக் கிடந்தால் அது விழித்தபடியே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும். பெரும்பாலும் உள்ளே இருப்பது சிஆர்2032 நாணய பேட்டரி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பழைய பேட்டரியை மேசையில் விடாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது.

220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் ஒரு குத்துமதிப்பு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போவது சாதாரணம். வேக ஓட்டத்தில் பதின்வயதுப் பிள்ளைக்கு 200 வருவது மட்டுமே நோய் ஆகாது. ஆனால் ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு, அல்லது குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் என்று ஏதாவது இருந்தால், வாட்ச் என்ன சொன்னாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

டிராக்கில் 5,000 மீட்டர் ஓடியதாகக் கோச் சொல்கிறார். மகனின் வாட்ச் 5.28 கி.மீ. என்கிறது. யார் சொல்வது சரி?

எந்த லேனில் ஓடினான் என்று கேட்டீர்களா? உள்வளைவு விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளந்தால்தான் முதல் லேன் 400 மீட்டர். வழக்கமான 1.22 மீட்டர் அகல லேன்கள் என்றால் இரண்டாவது லேன் 407, நான்காவது 422, எட்டாவது 453 மீட்டர். நான்காவது லேனில் பன்னிரண்டரைச் சுற்று ஓடினால் கணக்கு அப்படியே 5.28 கி.மீ. வரும். வாட்சைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முதல் லேனில்தான் ஓடினான் என்றால் கோச் சொல்வதே சரி. ஜி.பி.எஸ். ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் தடுமாறும், வளைவுகளில் அது சேர்ந்துகொள்ளும். டிராக் ரன் மோடு இருந்தால் அதைப் போட்டு லேன் எண்ணையும் கொடுக்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன் திறந்த வெளியில் அசையாமல் நின்று, சிக்னல் கிடைத்தது என்று காட்டிய பிறகே பட்டனை அழுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடப் பொறுமைதான் பிள்ளைகளிடம் இருப்பதில்லை.

கால்பந்து நடுவர் மகளின் வாட்சைக் கழற்றச் சொல்லிவிட்டார். மேலே டேப் ஒட்டிக்கொண்டு ஆடலாமா?

கூடாது. கால்பந்து விதி 4 ஆபத்தான பொருளையும் அணிகலன்களையும் தடுக்கிறது, அணிகலனை டேப்பால் மறைப்பதும் செல்லாது என்றே எழுதியிருக்கிறது. மோதும்போது இன்னொரு பிள்ளையின் கண்ணில் படுவது வாட்சின் விளிம்புதான். ஓடிய தூரம் தெரிய வேண்டுமானால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே கருவியை வைக்கும் உள்சட்டை இருக்கிறது. போட்டி அமைப்பாளர் அனுமதித்தால் மட்டுமே அதுவும். ஆட்டத்துக்கு முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

வாட்ச் காட்டும் கலோரியைப் பார்த்துத்தான் மகள் சாப்பிடுகிறாள். "இன்னிக்கு எரிச்சது கம்மி" என்று இரவு உணவைத் தள்ளிவிடுகிறாள். ஒழுக்கமான பிள்ளை என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி உங்களுடையது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு கைக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் வந்தன. கலோரியிலோ மிகச் சரியாகக் காட்டிய கருவியே 27 சதவீதம் தப்பியது, மிக மோசமானது 93 சதவீதம். இத்தனைக்கும் சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள். எலும்பும் உயரமும் கூடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு வளர்ச்சிக்கென்றே சாப்பாடு வேண்டும். எரித்ததற்கு மட்டும் ஈடு கட்டினால் போதாது.

பயிற்சிக்குத் தேவையான ஆற்றல் உணவில் கிடைக்காவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், எலும்பில் விரிசல் விழும், சளி காய்ச்சல் அடிக்கடி வரும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் நேரம் குறையாது. வாட்ச் முகப்பிலிருந்து கலோரிப் பெட்டியை அவளையே நீக்கச் சொல்லுங்கள், தினசரி இலக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். பிடுங்கி வைத்தால் ஒளித்துப் பார்ப்பாள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றாலோ, கலோரியை அணைத்த பிறகும் சாப்பாட்டைத் தள்ளினாலோ விளையாட்டு மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பார்க்க வேண்டும். எடையைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்செடுக்காதீர்கள்.

நீச்சலில் மகன் 40 நீளம் போனால் வாட்ச் 33 என்கிறது.

குளத்தின் நீளத்தைத் தொடங்கும் முன் சரியாகக் கொடுத்தானா என்று பாருங்கள், 25ஆ 50ஆ என்று. அது தப்பாக இருந்தால் மொத்தத் தூரமும் தப்பும். எண்ணிக்கை மட்டும் குறைகிறதென்றால் பலகையைப் பிடித்துக் கால் உதைத்த நீளங்கள் விட்டுப்போயிருக்கும். கை வீச்சையும் திரும்பும்போது சுவரை உதைக்கும் தள்ளலையும் வைத்துத்தான் வாட்ச் எண்ணுகிறது. கை அசையாவிட்டால் அதற்கு நீங்கள் நீந்தவே இல்லை. டிரில் மோடில் போட்டு, அந்த நீளங்களைக் கையால் சேர்க்க வேண்டும். நடுக்குளத்தில் நின்று மறுபடி கிளம்பினால் ஒன்று கூடவும் செய்யும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பும் வெந்நீரும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும்.

ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா ஆப்பில் மகள் ஓடும் பாதை நம் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடிகிறது. ஊரே பார்க்கிறதா?

பார்க்க முடியும். 2018 ஜனவரியில் அந்த ஆப்பின் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே பளிச்சென்று தெரிந்தது பெரிய செய்தியானது. செட்டிங்ஸில் 'பிரைவசி கன்ட்ரோல்ஸ்', அதற்குள் 'மேப் விசிபிலிட்டி'. அங்கே தொடக்கத்தையும் முடிவையும் 1.6 கி.மீ. வரை மறைக்கலாம். யார் பார்க்கலாம் என்பதை 'ஃபாலோயர்ஸ்' அல்லது 'ஒன்லி யூ' என்று மாற்றுங்கள். பழைய ஓட்டங்களுக்கும் தனியாகப் போய் மாற்ற வேண்டும், பலர் விடுவது அதைத்தான். வாட்ச் கம்பெனியின் சொந்த ஆப்பிலும் அதே பாதை கிடக்கும், அதற்கு வேறு செட்டிங். பள்ளிப் பெயர் போட்ட சட்டையோடு படம், தினமும் அதே நேரம், அதே பாதை என்று போட்டால் வரைபடத்தை மறைத்தும் பயனில்லை. இதையெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையாலேயே மாற்ற வையுங்கள்.

12 வயது மகனுக்கு ஓடினால் குதிகால் வலி. வாட்ச் தினமும் பச்சையில் "பயிற்சிக்குத் தயார்" என்று காட்டுகிறது. அதைக் காட்டி என்னிடம் வாதாடுகிறான்.

வாட்சுக்குக் குதிகால் இருப்பதே தெரியாது. துடிப்பு, தூக்கம் இவற்றை வைத்துத்தான் அந்தப் பச்சை வருகிறது. வேகமாக உயரும் வயதில், குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கும் தசைநாண் இழுத்து இழுத்துப் புண்ணாக்குவது சகஜம். குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள், அங்கே சுள்ளென்றால் பெரும்பாலும் இதுதான். ஆணி வைத்த ஷூவும் கெட்டித் தரையும் வலியைக் கூட்டும். ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, குதிகாலுக்கு மெத்தை வைத்து, வலி அடங்கிய பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கைக்கணக்கு: 12 வயதுக்கு 12 மணி நேரம். பள்ளி அணி, கிளப், தனிப் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கூட்டுங்கள், வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு விடுங்கள். நொண்டினாலோ, வீங்கினாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.