ஏக்கம் மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

புலம்பெயர்ந்த கிரேக்கர்களின் எழுத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கிறிஸ்டோஸ் சியோல்காஸின் 'தி ஸ்லாப்' நாவலை வாங்கினேன். மெல்பர்ன், சண்டை, கெட்ட வார்த்தை. இதில் கிரேக்கம் எங்கே இருக்கிறது? ஊர் ஏக்கத்தைக் கிரேக்க மொழியிலேயே எழுதிய முதல் தலைமுறைதானே உண்மையான புலம்பெயர் இலக்கியம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கெட்ட வார்த்தை கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தலைமுறை உங்கள் கணக்குக்குள் அடங்காது.

டிமிட்ரிஸ் சலூமாஸ் 1952இல் கிரேக்கத்தின் லெரோஸ் தீவிலிருந்து மெல்பர்ன் வந்தவர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே கிரேக்க மொழியில் கவிதை எழுதினார். 1983இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருமொழித் தொகுப்பு வந்த பிறகுதான் ஆஸ்திரேலிய வாசகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மனுஷன் சும்மா இருக்கவில்லை. 1988இல், அறுபத்தைந்து வயதைத் தாண்டியபின், நேரடியாக ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவந்தார். இவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

தியோடர் கல்லிஃபாடிடிஸ் நேர் எதிர். 1964இல் ஸ்வீடன் போனவர். நாற்பது வருடத்துக்கு மேல் ஸ்வீடிஷில்தான் எழுதினார். எழுபத்தைந்து தாண்டியதும் எழுத்து நின்றுபோனது. ஸ்டாக்ஹோமில் எழுதுவதற்கென்றே வைத்திருந்த இடத்தையும் விற்றுவிட்டார். பிறகு கிரேக்கத்தில் தன் சொந்த ஊரான மொலாயில் பள்ளிப் பிள்ளைகள் பழைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தை நடிக்கப் பார்த்தார். எழுத்து திரும்ப வந்தது, கிரேக்க மொழியில். அந்த அனுபவத்தையே சின்னப் புத்தகமாக எழுதினார். ஏக்கத்தைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் அதைப் படியுங்கள், வீட்டு முற்றத்து ஆலிவ் மரத்தைப் பற்றிய கவிதைகளை விடுங்கள்.

சரி, சியோல்காஸ். மெல்பர்னில் பிறந்தவர், எழுதுவது ஆங்கிலம். ஒரு விருந்தில் அடுத்தவர் குழந்தையை ஒருவர் அறைந்துவிட, அதிலிருந்து கிளம்பும் சண்டைதான் 'தி ஸ்லாப்'. எட்டுப் பகுதி. அதில் ஒன்று கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறிய கிழவர் மனோலிஸுடையது. பழைய நண்பர் ஒருவரின் சாவுக்குப் போகிறார். ஒரு காலத்தில் ஒன்றாகக் குடித்து ஆடியவர்கள் நரைத்துப்போய் நிற்கிறார்கள். அந்தச் சண்டையால் குடும்ப உறவு அறுந்துவிடக் கூடாதென்று மருமகளிடம் மன்றாடுகிறார். மருமகள் இந்திய வம்சாவளி. இவருக்குத் தெரிந்த குடும்பக் கணக்கு அவளுக்குக் கணக்கே இல்லை.

கிரேக்கத்தில் 'க்செனோஸ்' என்றால் அந்நியன், விருந்தாளி இரண்டும்தான். (நம் 'விருந்து'க்கும் 'புதியது' என்றொரு பழைய பொருள் உண்டு.) மகன் வீட்டில் மனோலிஸ் இரண்டாகவும் இருக்கிறார். என்னைக் கேட்டால் நாவலில் நிற்கப்போவது அந்தப் பகுதிதான். மற்றவற்றில் இரைச்சல் கூடுதல்.

ஒன்று செய்யுங்கள். முதலில் அதை மட்டும் எடுத்துத் திரும்பப் படியுங்கள். சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.