பிரபலம் வந்தால் டோக்கன் நம்பர் மாறுமா?

கவுண்டரிலும் கால் சென்டரிலும் வேலை பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிறேன். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஒரு பெரிய நடிகர் செக்-இன் செய்ய வந்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கை நடுங்கி, கீ கார்டைக் கீழே போட்டுவிட்டேன். அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளலாமா, கூடாதா?

பதில்: நடுங்கியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் அடிக்கடி பார்க்கிற ஒருவரை நமக்கு நன்றாகப் பழக்கமானவர் என்று மனசு எடுத்துக்கொண்டுவிடுகிறது, ஆனால் அந்தப் பழக்கம் ஒரு பக்கம் மட்டும்தான். நீங்கள் அவரை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அவர் உங்களைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அதுவும் பயணக் களைப்போடு, எப்போது அறைக்குப் போய்ப் படுப்போம் என்ற நினைப்போடு.

தெரியாத மாதிரி நடிக்கவும் வேண்டாம், பெரும்பாலும் அது அசடு வழியும். ஒரு சின்னச் சிரிப்பு போதும், அதிலேயே அவருக்குப் புரிந்துவிடும். முக்கியமானது வேறு. அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், சொன்னால் லாபியில் இருக்கிற தலை எல்லாம் திரும்பும். புக்கிங் வேறு பெயரில் இருந்தால் (பிரபலங்கள் அப்படித்தான் பல நேரம் போடுகிறார்கள்) திரையில் என்ன பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லியே கூப்பிடுங்கள், அசல் அடையாள அட்டையை மேனேஜர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும். அறை எண்ணையும் சொல்லக் கூடாது, கார்டு உறையில் எழுதி, விரலால் காட்டினால் போதும். இது பிரபலத்துக்கு மட்டுமில்லை, தனியாக வரும் எந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் செய்ய வேண்டும், ஆனால் பல இடங்களில் நடிகர் வந்தால்தான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: எங்கள் சிஸ்டத்தில் பெயரை அடித்தால் யாருடைய கணக்கும் திறக்கும். ஒரு விளையாட்டு வீரர் எங்கள் வாடிக்கையாளர் என்று கேள்விப்பட்டு, ஆசைக்கு ஒருமுறை திறந்து பார்க்கலாமா என்று இருக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை. சும்மா பார்ப்பதில் என்ன தப்பு?

பதில்: அந்தச் ‘சும்மா’வில்தான் நிறையப் பேருக்கு வேலை போயிருக்கிறது. 2008 நவம்பரில், ஒபாமா அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த கையோடு, வெரிஸான் வயர்லெஸ் என்ற செல்போன் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் அவருடைய பழைய செல்போன் கணக்கைத் திறந்து பார்த்தது வெளியே வந்தது. பல மாதமாக அவர் பயன்படுத்தாத சாதாரண மடக்கு போன் அது, அதில் பெரிதாக என்ன இருந்திருக்கும்? இருந்தும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் அப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஒபாமா, ஹிலாரி கிளின்டன், மெக்கெய்ன் மூன்று பேருடைய பாஸ்போர்ட் கோப்பையும் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் பார்த்திருந்தார்கள் என்று தெரிந்தது. அங்கேயும் வேலை போனது.

எப்படி மாட்டுகிறார்கள்? நீங்கள் ஒரு கணக்கைத் திறந்த கணமே உங்கள் லாகின், நேரம், எந்தத் திரையைப் பார்த்தீர்கள் என்பதெல்லாம் பதிவாகிவிடும். அந்த நேரத்தில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பும் இல்லை, டிக்கெட்டும் (பதிவான புகாரும்) இல்லை என்றால் உங்களிடம் சொல்ல என்ன பதில் இருக்கிறது? பல இடங்களில் பிரபலங்களின் கணக்குக்குத் தனியாக அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள், யார் தொட்டாலும் மேலே தகவல் போய்விடும்.

அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாசெட் விஷயம் இதில் தனி ரகம். 2007-ல் தனக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று தெரிந்ததும், அவர் அதைச் சொந்தபந்தத்தில் கிட்டத்தட்ட யாரிடமும் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தார், ஆஸ்பத்திரியிலிருந்துதான் செய்தி கசிகிறது என்று முன்பே இருந்த சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க. சில நாளிலேயே கிசுகிசுப் பத்திரிகையில் வந்துவிட்டது. கசியவிட்டது ஒரு நிர்வாக ஊழியர், காசு வாங்கிக்கொண்டு. பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் சிகிச்சை பெற்ற, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ மருத்துவமனை, பிரபலங்களின் கோப்புகளை ஊழியர்கள் பார்த்த புகாரைத் தீர்க்க 2011-ல் 8,65,500 டாலர் கட்டியது. நோயாளி தானே கண்ணி வைத்துத் துப்பறிய வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.

கேள்வி: தொலைபேசியில் பேசியது ஒரு பிரபல பாடகர், குரல் எனக்கு அத்துப்படி. பாதுகாப்புக் கேள்வி கேட்டதும் எரிந்து விழுந்தார். தெரிந்த குரலுக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: கேட்டே ஆக வேண்டும், மற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டும். உங்களுக்கு அத்துப்படியான குரல் மிமிக்ரி செய்பவருக்கும் அத்துப்படி, இப்போது கம்ப்யூட்டரே அச்சு அசலாகப் பேசிவிடும். அவர் பிறந்த தேதியும் அம்மா பெயரும் இணையத்தில் கிடக்கின்றன, அதனால் அந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் வந்தாலும் ஒன்றும் நிரூபணமாகாது. பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்புங்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு அதே எண்ணுக்கு நீங்கள் திருப்பி அழையுங்கள். 2015-ல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அப்போதைய தலைவர் ஜான் பிரென்னனின் சொந்த மின்னஞ்சலுக்குள் விடலைப் பையன்கள் புகுந்தது இப்படித் தொலைபேசியில் ஆள்மாறாட்டம் செய்துதான். தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு, தாங்களும் அங்கே வேலை பார்ப்பவர்கள் மாதிரி பேசி விவரம் வாங்கினார்கள், அதை வைத்து மின்னஞ்சல் நிறுவனத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள்.

எரிந்து விழுந்தால், “உங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன் சார்” என்று சொல்லிப் பாருங்கள். அசல் ஆள் என்றால் பெரும்பாலும் தணிந்துவிடுவார். உதவியாளர் பேசினால், கணக்கில் அவர் பெயர் அனுமதிக்கப்பட்டவராகப் பதிவாகியிருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

கேள்வி: “நான் யார் தெரியுமா?” என்று ஒருவர் கேட்டார். நிஜமாகவே தெரியவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: “எனக்குத் தெரிந்தாலும் சிஸ்டத்துக்கு நம்பர் வேண்டும் சார்.” நான் கவனித்தவரை, இந்த வசனத்தைப் பெரிய ஆட்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கூட வருகிறவர்கள்தான் “சார் யாரு தெரியுமா” என்று குதிப்பார்கள், சார் பாட்டுக்கு ஓரமாக போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கேள்வி: செல்ஃபி?

பதில்: டியூட்டியில் கேட்காதீர்கள். அவரே எடுத்துக்கொள்ளலாமா என்றால் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: வீட்டில்கூடச் சொல்லக் கூடாதா மேடம்? வயிறு வெடித்துவிடும் போல இருக்கிறது.

பதில்: அவர் அங்கே இருக்கும்வரை மூச்சு விடாதீர்கள். ‘இப்போது’, ‘இங்கே’ என்ற இரண்டும்தான் வெளியே போனால் வாசலில் கூட்டத்தைச் சேர்க்கும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் அதே கதைதான். அவர் கிளம்பிப் போய் ரொம்ப நாளான பிறகு, நல்ல மனுஷன், பொறுமையாக வரிசையில் நின்றார் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள், உங்கள் நிறுவன விதி அதற்கு இடம் கொடுத்தால். என்ன வாங்கினார், எதற்குப் புகார் சொன்னார், கூட யார் வந்தார் என்பதை மட்டும் எத்தனை வருஷம் கழித்து யார் துருவிக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.